பத்து நிமிஷ வேலை

சைக்கிள அங்க சாத்தாதீங்க சார், சுவத்துல ஹேண்டில் உரசும். இந்த ஸ்டாண்டுல ஏத்திடுங்க. ஆங், அவ்வளவுதான். பின் கேட்டு வழியாதானே வந்தீங்க? நல்லது. போன்லயே படிச்சுப் படிச்சு சொல்லுவேன், ஆனாலும் பாதிப் பேரு முன் கேட்டுலதான் போய் மணி அடிப்பாங்க. முன் போர்ஷன்ல என் தங்கச்சி இருக்கா. தையல் வேலை. கடகடன்னு ஒரு சத்தம் கேக்குதே, அதான் அவ மெஷின். அவளத் தொந்தரவு பண்ண வேண்டாம்னுதான் சொன்னேன், வேற ஒண்ணும் இல்ல.

உக்காருங்க. அந்த ஸ்டூல் வேண்டாம் சார், இந்த நாற்காலியில உக்காருங்க. அது ஒரு காலு ஆடும். ஆமா, இது கார் ஷெட்தான். கார் இல்ல, வித்துட்டேன். நல்லாத்தான் ஓடிச்சு, ரிப்பேர் கிப்பேர் எதுவும் கிடையாது. எனக்குத்தான் பிடிக்காமப் போச்சு. இப்ப எங்க போனாலும் நடை, இல்லன்னா பஸ்ஸு.

சரி, வண்டியப் பாப்போம். அடேயப்பா. பழைய இரும்புக் கடையிலயா கிடந்துச்சு? இதப் போய் எடைக்குப் போட எவனுக்கு சார் மனசு வந்துச்சு? விரல மடக்கி இந்த நடு பார்ல ஒரு தட்டு தட்டிப் பாருங்க. டிங்குன்னு வருதா? அதான் ஸ்டீலு. உள்ள துரு தின்னிருந்தா இந்தச் சத்தம் வராது. இப்ப வர்ற கார்பன் வண்டியத் தட்டினா கதவத் தட்டின மாதிரி இருக்கும், உள்ளேருந்து யாராவது யாருன்னு கேப்பாங்களோன்னு நாம ஒரு நிமிஷம் நிக்கணும். இது அப்படியில்ல. உங்களுக்கு அப்புறமும் ரெண்டு பேரு ஓட்டுவாங்க. பெயின்ட்டு ஒரிஜினல். மட்கார்டு நுனியில அந்த வெள்ளைப் பட்டை கூட போகல. சீட்டு மட்டும் வேற வண்டியோடது, அது பரவால்ல.

டயர் புதுசா வாங்கிட்டு வந்திருக்கீங்களா? காட்டுங்க. ஐயோ சார். என்ன போட்டிருக்கான்? இருபத்தாறு இன்ட்டு ஒண்ணு புள்ளி மூணு ஏழு அஞ்சு. உங்க வண்டிக்கு வேண்டியது இருபத்தாறு இன்ட்டு ஒண்ணே மூணு பை எட்டு. கணக்கு வாத்தியாரைக் கேட்டா ரெண்டும் ஒண்ணுதான்னுவாரு. டயர் கம்பெனிக்காரன் ஒத்துக்க மாட்டான். இது ரிம்முல ஏறவே ஏறாது, முக்கினாலும் ஏறாது. இஞ்சு கணக்க விட்டுடுங்க. டயர் ஓரத்துல சின்ன எழுத்துல மூணு இலக்கத்துல ஒரு நம்பர் இருக்கும் பாருங்க. உங்களுக்கு ஐந்நூத்தித் தொண்ணூறு. அதப் பாத்து வாங்கினா எந்தக் கடைக்காரனும் ஏமாத்த முடியாது. வருத்தப்படாதீங்க, இதுல மாட்டாத ஆளே கிடையாது. எங்க மாப்பிள்ளை மூணு தடவ மாட்டியிருக்காரு. மூணாவது தடவ டயர மாலை மாதிரி கழுத்துல போட்டுக்கிட்டு இந்த வாசல்ல வந்து நின்னாரு. மச்சான், எனக்கு கணக்கு தெரியும், உங்க சைக்கிளுக்குத்தான் தெரியலன்னாரு.

மாப்பிள்ளைன்னா தங்கச்சி வீட்டுக்காரரு. முன் போர்ஷன் அவங்களுது, பின் போர்ஷன் எனக்கு, அப்பா அப்படித்தான் பிரிச்சு எழுதி வச்சாரு. எனக்குக் கல்யாணம் காட்சின்னு ஒண்ணும் இல்ல. எனக்கு இருந்த சொந்தம், சிநேகிதம், சண்டை போட ஆளு, எல்லாமே அவருதான். இருந்தாரு சார். இப்ப இல்ல. அடுத்த மாசம் வந்தா ரெண்டு வருஷம்.

பரவால்ல, பரவால்ல. நீங்க எதுக்கு வந்தீங்களோ அதப் பேசுவோம். உங்களுக்கு வேண்டியது குரோம் ஸ்டீல் ரிம்மு, ஒரு ஜோடி, துருப்பிடிக்காதது. அடுத்த மாசம் கண்காட்சியில வைக்கணும். சரிதானே? ஊருல யாரக் கேட்டாலும் ஒரிஜினல்கிட்ட போங்கன்னுதான் சொல்லியிருப்பாங்க. ஆமா, அதான் என் பட்டப்பேரு. எங்க கோஷ்டியில பதினாறு பேரு, ஸ்டீல் வண்டி மட்டும்தான், ஞாயித்துக்கிழமை காலைல கூடினா டயர்ல ஆரம்பிச்சு சீட்டுத் தோல் வரைக்கும் சண்டை நடக்கும். யாராவது ஒரு புது பெடல் மாட்டிட்டு வந்தா நான் குனிஞ்சு பாத்துட்டு, இது ஒரிஜினல் இல்லையேம்பேன். அப்படியே பேரு ஒட்டிக்கிச்சு.

ரிம்மு இருக்கு. மேல பரண்ல பேப்பர் சுத்தி ரெண்டு ஜோடி கிடக்கு. ஆனா தர மாட்டேன்.

கோவப்படாதீங்க சார். இவ்வளவு தூரம் வரச் சொல்லிட்டு கை விரிக்கிறானேன்னு தோணும். நான் கை விரிக்கல. நீங்க போன்ல போட்டோ அனுப்பினப்ப பாத்தேன், அதே கம்பெனி, அதே மாடல், அதே அளவு. அதுக்காகத்தான் வரச் சொன்னேன். இப்ப ஒண்ணு கேக்குறேன். இந்த வண்டிய கண்காட்சியில வச்சுட்டு வீட்டுல மூடி வைப்பீங்களா, ஓட்டுவீங்களா? ஓட்டுவீங்க. ஆபீசுக்கு? எந்த வழி? பாலத்து மேல ஏறி இறங்குவீங்களா? இறங்குவீங்க. அப்ப ஸ்டீல் ரிம்மு வேண்டாம். நான் வேற சக்கரம் தர்றேன், அலுமினிய ரிம்மு, இப்பவே மாட்டித் தர்றேன். காசெல்லாம் வேண்டாம். நிறுத்துங்க, பர்ஸ உள்ள வைங்க. வானம் எப்படிக் கருத்துருக்கு பாருங்க. நீங்க வந்த சக்கரத்தோட இந்த மழையில உங்கள நான் வெளிய விட மாட்டேன்.

அப்படியே உக்காருங்க, பத்து நிமிஷ வேலை. சக்கரத்துக்கு ரெண்டு நட்டு, மொத்தம் நாலு. பேசிக்கிட்டே முடிச்சிடுவேன்.

காரணமா? ஸ்டீல் ரிம்மு காஞ்சிருக்கும்போது தங்கம் சார். நல்லா நிக்கும். கண்ணாடி மாதிரி இருக்கா, பாக்க அழகா இருக்கா, அந்த அழகுதான் வினை. தண்ணி பட்டுச்சுன்னா பிரேக் கட்டை அதுல வழுக்கும். எண்ணெய் தடவின தட்டுல சோப்பு வச்ச மாதிரி. சக்கரம் ஏழெட்டு சுத்து சுத்தி ஈரம் துடைச்சாத்தான் கட்டை லேசா பிடிக்க ஆரம்பிக்கும். அந்த ஏழெட்டு சுத்துக்கு ரோட்டுல எடம் இருக்கணும். அலுமினியம் அப்படியில்ல, மங்கலா, சொரசொரன்னு, அழகே இல்லாம இருக்கும், ஆனா மழையிலயும் பிடிக்கும். இத எங்க கோஷ்டியில மொத மொதல்ல சொன்னது மாப்பிள்ளைதான். அவரு லிஃப்ட் மெக்கானிக். ஓட வைக்கிறத எவன் வேணா செய்வான் மச்சான், நிக்க வைக்கிறவன்தான் மெக்கானிக் அப்படிம்பாரு. இருபத்தஞ்சு வருஷத்துல அவரு கை வச்ச லிஃப்டு ஒண்ணுகூட நிக்க வேண்டிய மாடியில நிக்காமப் போனதில்ல.

அதனால அவரு வண்டியில அலுமினிய ரிம்மு போட்டுக்கிட்டாரு. இதோ இதுதான். கொஞ்சம் தள்ளிக்குங்க, அந்தத் துணிய விலக்கணும். தூசி, பாத்து. இந்தாங்க, இத பிடிங்க. எவ்வளவு லேசா இருக்கு பாத்தீங்களா? டயர் அவரு போட்டது, சரியான நம்பர்தான், நாலாவது தடவ. அமுக்கிப் பாருங்க. இன்னும் கொஞ்சம் காத்து இருக்குல்ல? கடைசியா அடிச்சது அவருதான். பம்ப மாட்டினா அதுவும் போயிடும். ஒண்ணும் இல்ல சார், கண்ணுல தூசி.

அந்த சிவப்புப் பொட்டா? வால்வு பக்கத்துல இருக்கே, அதுவா? நகப் பாலிஷ். இருட்டுல காத்தடிக்கும்போது வால்வு எங்க இருக்குன்னு அவரு தடவிக்கிட்டே இருப்பாரு, தங்கச்சி பாத்துட்டு, ரெண்டு சக்கரத்துலயும் ஒவ்வொரு பொட்டு வச்சு விட்டா. புருஷனுக்கு கண்ணாடி வாங்கித் தர்றதுக்கு பதிலா சக்கரத்துக்குப் பொட்டு வைக்கிறியேன்னு நான் கிண்டல் பண்ணேன்.

அந்த பதிமூணாம் நம்பர் ஸ்பானர எடுங்க. இல்ல, அதுக்குப் பக்கத்துல இருக்கிறது. ஆங்.

கண்காட்சியில மார்க் போடுவாங்கன்னு தெரியும்ல? அந்த மார்க் ஷீட்ட அடிச்சதே நான்தான். அப்பல்லாம் ஜட்ஜும் நான்தான், இப்ப வேற ஆளுங்க. பெயின்ட்டுக்கு இவ்வளவு, ஸ்டிக்கருக்கு இவ்வளவு, மணிக்கு, சீட்டுக்கு, நட்டுல இருக்கிற கம்பெனி முத்திரைக்குக் கூட ரெண்டு மார்க். மொத்தம் நூறு. வண்டி ஓடுமா நிக்குமான்னு அதுல ஒரு கட்டம் கூட கிடையாது சார். இத்தனை வருஷத்துல ஒருத்தன் கூட ஏன் இல்லன்னு கேக்கல. கேக்குற அளவுக்கு எங்களுக்கு அறிவு இருந்தா நாங்க ஏன் பதினாறு பேரு ஞாயித்துக்கிழமை பெடலுக்காக சண்டை போடுறோம்?

முத வருஷம் மாப்பிள்ளை வண்டிக்கு தொண்ணூத்தேழு வந்திருக்கணும். அலுமினிய ரிம்முக்கு நான் ஆறு மார்க் வெட்டினேன். சொந்தக்காரருன்னு பாக்காம வெட்டினேன்னு எனக்கு அதுல ஒரு பெருமை. வேற யாரோ ஜெயிச்சான். கோஷ்டி மொத்தமும், மச்சான் கையாலயே மாப்பிள்ளைக்கு வெட்டுன்னு ஒரு மாசம் ஓட்டிச்சு. அவரு சிரிச்சுக்கிட்டாரு. ஆனா உள்ளுக்குள்ள பட்டிருக்கு. தங்கச்சிதான் என்னப் பிடிச்சுக்கிட்டா. உனக்கு அவரு பெருசா, ரிம்மு பெருசான்னு கேட்டா. ரெண்டும்தான்னு சொன்னேன். நான் எப்படிப்பட்ட ஆளு பாருங்க.

அடுத்த வருஷம் அவரே வந்து கேட்டாரு. ஒரு ஜோடி ஸ்டீல் ரிம்மு தேடிக் குடுங்க மச்சான், ஒரே ஒரு நாளைக்கு மாட்டிக்கிறேன், நாடகக்காரன் விக்கு வைக்கிற மாதிரி, ஆட்டம் முடிஞ்சதும் கழட்டிடுவேன்னாரு. நான் தேடிப் பிடிச்சேன், குரோம் பூச விட்டேன், இந்த எடத்துலதான் உக்காந்து கம்பி கோத்தேன். முன்னாடி முப்பத்திரெண்டு, பின்னாடி நாப்பது. அவரு அந்த ஸ்டூல்ல உக்காந்து ஒவ்வொரு கம்பியா எடுத்துக் குடுத்தாரு. கோட்டம் எடுக்கும்போது ஒரு முடி அளவு கூட ஆடல. என் வாழ்க்கையிலயே நான் பின்னின நல்ல சக்கரம் அதுதான். இருங்க, பின் சக்கரத்த நேரா வச்சுட்டு செயின இழுக்கணும். கொஞ்சம் தொய்வு இருக்கணும், ரொம்ப இறுக்கினா சக்கர நடுவுல ஹப்புல இருக்கிற பால்ரஸ் குண்டு தேஞ்சிடும்.

ஜெயிச்சாரு. தொண்ணூத்தேழு மார்க்கு. அந்தக் கப்ப ஹேண்டில்ல கட்டிக்கிட்டு சின்னப் பிள்ள மாதிரி மைதானத்த ரெண்டு சுத்து சுத்தினாரு. சாயங்காலம் எல்லாம் முடிஞ்சு கிளம்பும்போது லேசா தூறல். வீட்டுக்கு வர்ற வழிதான், நீங்க சொன்ன அதே பாலம். இறக்கத்துக்குக் கீழ சிக்னல் சிவப்பு. பின்னால வந்த எங்க ஆளு ஒருத்தரு பாத்திருக்காரு சார். ரெண்டு பிரேக்கையும் இறுக்கித்தான் பிடிச்சிருந்தாரு. கட்டை ரிம்முல ஒட்டியிருக்கு, சக்கரம் அது பாட்டுக்கு சுத்துது. கால கீழ ஊனிக்கூடப் பாத்திருக்காரு. குறுக்க ஒரு தண்ணி லாரி. லாரிக்காரன் மேல தப்பு சொல்ல முடியாது, அவனுக்குப் பச்சை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற வழியிலயே முடிஞ்சு போச்சு.

தண்ணி வேணுமா சார்? அந்த ஜக்குல இருக்கு. எனக்கும் ஒரு வாய் குடுங்க.

மூணாம் நாள் தங்கச்சி கேட்டா. அண்ணா, அந்த அலுமினிய சக்கரம் ரெண்டும் எங்கன்னு. ஆட்டம் முடிஞ்சதும் கழட்டிடுவேன்னு என்கிட்டயும் சொன்னாரே, ஏன் கழட்டலன்னா. வீடு முழுக்க ஆளுங்க. அவ முகத்தப் பாத்தேன். தெரியலம்மா, யாருக்கோ குடுத்துட்டாரு போல இருக்குன்னு சொல்லிட்டேன். வாயில வந்துச்சு, சொல்லிட்டேன். சொன்னது அவ்வளவுதான் சார், ஒரு வரி.

அந்த ஒரு வரிய அவ ரெண்டு வருஷமா பிடிச்சுக்கிட்டு இருக்கா. ஒரு கப்புக்காக நல்ல சக்கரத்தத் தூக்கிக் குடுத்த மனுஷன், என்னையும் பெத்த பொண்ணையும் ஒரு நிமிஷம் நினைச்சுப் பாத்தாரான்னு கேக்குறா. ஒவ்வொரு மழைக்கும் கேக்குறா. இன்னிக்கும் கேப்பா. போட்டோ மாட்ட விடல. அந்தக் கப்ப குப்பையில போட்டா. அவரு பேர எடுத்தாலே எழுந்து போயிடுறா. அழுதா கூட எனக்கு நிம்மதியா இருக்கும். செத்த மனுஷன் மேல கோவத்தோட இருக்கா சார். ஆனா எனக்கு ரெண்டு வேளையும் சாப்பாடு அவதான் கொண்டு வந்து வைக்கிறா. நீயாவது இருக்கியேன்னு சொல்லி வைக்கிறா.

பம்ப நல்லா அமுக்கிப் பிடிங்க. அடிங்க. கல்லு மாதிரி அடிக்காதீங்க, எல்லாரும் பண்ற தப்பு அது. கட்டை விரலால அழுத்தினா லேசா அமுங்கணும். போதும். சுத்தி விடுங்க. பாருங்க, எங்கயும் உரசல. பிரேக்கப் பிடிங்க. நின்னுச்சா? இப்ப இந்தத் தண்ணிய ரிம்மு மேல ஊத்துறேன். மறுபடியும் சுத்திப் பிடிங்க. நின்னுச்சு. அவ்வளவுதான் சார் விஷயம்.

யாருக்கும் குடுக்கல அவரு. நீங்க கேக்கணும்னு நினைச்சு கேக்காம இருக்கீங்க, எனக்குத் தெரியுது. அன்னிக்கு இந்த சக்கரம் ரெண்டும் என் கார் டிக்கியில இருந்துச்சு. காலையிலேயே காத்தடிச்சு அவருதான் அதுல வச்சாரு. தூறல் விழுந்ததும் ஜன்னல்கிட்ட வந்து குனிஞ்சு, மாத்திட்டுக் கிளம்பவா மச்சான், பத்து நிமிஷ வேலைதானேன்னாரு. நான் அதுக்கு மேல மேஜை, பேனர், கயிறுன்னு எல்லாத்தையும் அடுக்கி முடிச்சிருந்தேன். மறுபடி இறக்கணும். எனக்கு சோம்பல் சார், வேற ஒண்ணும் இல்ல. ஜெயிச்ச வண்டிய ஜெயிச்ச மாதிரியே ஓட்டிட்டு வாங்க மாப்ள, வீட்டுல போய் மாத்திக்கலாம்னேன். சரி மச்சான்னாரு. நான் சொல்லி அவரு எதையும் தட்டினதே இல்ல. நான் முன்னால வந்துட்டேன். இங்க கார நிறுத்தி, சாமான இறக்கி, சக்கரம் ரெண்டையும் எடுத்து, இந்த ஸ்டாண்டு பக்கத்துல சாத்தி வச்சுட்டு, ஸ்பானரக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். வருவாருன்னு.

முடிஞ்சிடுச்சு, உங்க வண்டி ரெடி. கண்காட்சியில ஆறு மார்க் வெட்டுவாங்க. வெட்டட்டும்.

மெஷின் சத்தம் நின்னுடுச்சு பாருங்க. வேலை முடிஞ்சா அவ வாசப்படியில வந்து உக்காருவா, மழையப் பாத்துக்கிட்டு. நீங்க பின் கேட்டு வழியாப் போக வேண்டாம் சார். முன் வாசல் வழியாவே போங்க. அந்தப் பொட்டு அவ வச்சது, தூரத்துல இருந்தே தெரிஞ்சுடும் அவளுக்கு. யாரு குடுத்தான்னு கேப்பா. ஒரிஜினல் குடுத்தாருன்னு சொல்லிடுங்க.

இல்ல, இருங்க. உங்கள முன்னால அனுப்பிட்டு நான் இங்க உக்காந்திருந்தா, அன்னிக்குப் பண்ணதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? வண்டிய எங்கிட்ட குடுங்க, நானே தள்ளிட்டுப் போறேன். நீங்க அந்த ஸ்டூல்ல உக்காருங்க சார், அது ஆடாது, நான் சும்மா சொன்னேன். கொஞ்சம் கழிச்சு வாங்க. எனக்கு அங்க ஒரு பத்து நிமிஷ வேலை இருக்கு.